ஸ்டெல்லா அக்கா வைத்த சிவப்பு

சிதம்பரத்தில் கடலூர் பஸ் ஏறி உட்கார்ந்ததும் போன் வந்தது. எங்கள் பிரஸ் பிரிவுக் குமார். "மச்சான், ஸ்டெல்லா அக்கா காலையில போயிட்டாங்கடா. நெஞ்சு வலியாம்." கூடவே சொன்னான்: "நாளைக்கு இரங்கல் கூட்டம். மேனேஜர்தான் பேசுறாராம்." எனக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் தொழிற்சாலை வாசலில் முன்பு ஒரு வெள்ளை போர்டு இருந்தது. ஒழுங்காக ஓடும் மெஷினுக்குப் பச்சைக் காந்தம், கோளாறானதற்குச் சிவப்பு. "சிவப்பை வைத்தவரே எடுக்க வேண்டும்" என்று மேலே பெரிதாக எழுதவைத்ததும் மேனேஜர்தான். விருந்தாளிகளிடம் அதைக் காட்டிப் பீற்றிக்கொள்வார். அப்படிச் சிலர் வந்த நாளில், தகடு அழுத்தும் பிரஸ்ஸில் கை உள்ளே போகாமல் காக்கும் தடுப்பு வேலை செய்யவில்லை என்று நான் வைத்திருந்த சிவப்பை எடுத்துவிட்டுப் பச்சையை ஒட்டினார். அடுத்த ஷிஃப்டில் போர்டை நம்பி பிரஸ்ஸை ஓட்டிய அக்காவுக்கு வலது கையில் இரண்டு விரல் போனது. 'கவனக்குறைவு' என்று ரிப்போர்ட் எழுதினார் மகானுபாவர்.

கை ஆறி வந்த அக்காவுக்கு போர்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கோயிலில் ஃபாதர், "மன்னிச்சிடும்மா" என்றாராம். "கேட்டா மன்னிக்கலாம் ஃபாதர். அந்தாளு கேக்கவே இல்லையே" என்றாராம் அக்கா.

பிறகு போர்டுக்குப் பதில் பெரிய டி.வி. வந்தது. "போர்டுல இருக்கறத அப்படியே ஏத்திடுங்க" என்று சாஃப்ட்வேர்காரரிடம் சொல்லிவிட்டு மேனேஜர் ஏ.சி. அறைக்குள் போய்விட்டார். அக்கா போர்டின் மேலே எழுதியிருந்ததைக் காட்டினார். "இதையும் ஏத்துங்க சார். வெச்சவங்க பாஸ்வேர்டு போட்டாத்தான் செவப்பு போவணும்."

மறுபடி விருந்தாளிகள் வந்த நாளில் அதே பிரஸ்ஸின் தடுப்பு மக்கர் செய்தது. அக்கா சிவப்பைப் போட்டார். மேனேஜர் ஓடிவந்தார்.

"எடும்மா. அவுங்க போனதும் வெச்சிக்கலாம்."

"மெஷின சரி பண்ணுங்க சார், எடுக்குறேன்."

பட்டன்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கடைசியில் பிளக்கைப் பிடுங்கினார். உள்ளே வந்த விருந்தாளி ஒருவர், "டி.வி. ஏன் ஓடல?" என்று கேட்க, அக்கா மூன்று விரல் கையால் பிளக்கை மாட்டினார். எல்லார் முன்னாலும் சிவப்பு வந்தது. பிரஸ் நின்றது. சரிசெய்த பிறகுதான் ஓடியது.

அந்த வாரமே அக்காவைக் குடோனுக்குத் தூக்கியடித்தார். "அந்த மூஞ்சிய ஒரு தரம் பார்த்துட்டன்ல, போதும்டா" என்று சிரிப்பார் அக்கா. எனக்குப் போதவில்லை.

மேனேஜர் சார், நாளை நீங்கள் அக்காவை வாயாரப் புகழுங்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அக்காவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவருடைய கோபத்தைத்தான். உங்கள் பெயருக்கு நேராக அவர் ஒரு சிவப்பு வைத்திருந்தார். வைத்தவர் போய்விட்டார். இனி அதை எடுக்க ஆளில்லை.