முனை போன செட்டை

நோயில் கிடந்த ஹனீபா நானா மௌத்தாகிவிட்டார் என்று அவர் மகள் றிஸ்னாவின் குரற்பதிவு பள்ளிவாசல்துறையிலிருந்து வந்தபோது, என் கணினித் திரையில் டொல்பின்களின் முதுகுச் செட்டைகள் ஒவ்வொன்றாகத் தோன்றி மறைந்துகொண்டிருந்தன. நல்ல வெயில் நேரம். கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை பிறகுதான் வந்தது.

நானாவை உங்களில் பலருக்கு மீன்பிடிகாரராகத் தெரியும். எங்கள் ஆய்வுப் படகை ஓட்டியவர் என்றும் தெரிந்திருக்கும். கடலோடு சேர்ந்த எங்கள் களப்பில் டொல்பின்களைப் படமெடுப்போம். செட்டை விளிம்பிலுள்ள பிளவுகளைக் கொண்டு செயற்கை நுண்ணறிவு ஒவ்வொன்றையும் அடையாளம் காணும். எது எதனுடன் திரிகிறது, எங்கே இரை தேடுகிறது என்பதை அப்படித்தான் அறிந்தோம். அந்த மெஷின் தடுமாறும் சோடிப் படங்களை நாங்கள் இருவரும் பார்த்து, 'ஒன்று' அல்லது 'வேறு' என்று அழுத்துவோம்.

எனக்குப் பொறுமை கிடையாது. அவரோ என்ஜினை நிறுத்திவிட்டு, "சும்மா இரிங்க தங்கச்சி, அவங்களே வருவாங்க" என்பார். களப்பும் வானமும் ஒரே நிறமாகிவிடும். படகு எதில் மிதக்கிறது என்றே தெரியாது. முறைத்தபடியே கண்ணயர்ந்துவிடுவேன். பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டதுபோல் இருக்கும். விழித்தால் நீரில் வளையங்கள் மட்டும். "கண்டீங்களா?" என்பார். காணாமலே தலையாட்டுவேன்.

ஒருநாள் என் பொய்யைப் பிடித்துவிட்டார். "நீங்களும் உங்கட மெஷின் மாதிரித்தான். தெரியாதெண்டு சொல்ல வாய் வராது." கோபத்தில் இரண்டு நாள் நான் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் திரையில் 'தெரியாது' என்று மூன்றாவது பொத்தான் வைத்தேன். அவர் அதைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு வம்பும் அதிலேதான் வந்தது. ஒரு சோடிப் படம். இடப்பக்கம் பழைய படம்: முழுச் செட்டை, அடியில் நெருக்கமாக இரண்டு பிளவுகள். வலப்பக்கம் முனை போன செட்டை, அடிப்பகுதி நீருக்குள். மெஷின் வேறு என்றது. நானும் 'வேறு' என்று அழுத்துவேன். அவர் மறுநாளே 'தெரியாது' ஆக்கிவிடுவார்.

"ஏன் நானா பிடிவாதம் பிடிக்கிறீங்க?" என்று ஏசினேன்.

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "முந்தி என்ட வலையில டொல்பின் ஒருத்தி பட்டா. வலைய அறுக்கக்குள்ள போட் ஆடி, கத்தி செட்டை முனையக் கொண்டு போயிட்டு. அந்த ரெண்டு பிளவும் செட்டையப் பிடிச்ச என்ட கைக்குள்ள இருந்திச்சு. ரெத்தத்தோட போனா. இருக்காளா எண்டு பாக்கத்தான் உங்கட வேலைக்கே வந்தன்."

வலையாலும் என்ஜின் விசிறியாலும் முனை போன செட்டைகள் களப்பில் பல உண்டு. எதை வைத்துத் தேடுவது? அவர் படுக்கையில் விழுந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. செட்டையை விட்டுவிட்டு, பழைய படத்தின் டொல்பின் யாரோடு திரிந்தது என்று மெஷினைக் கேட்டேன். ஒரே துணையைத்தான் மறுபடி மறுபடி காட்டியது. அந்தத் துணையின் படங்களைப் புரட்டினேன். ஒன்றில், எங்கள் படகோரமாகவே, அதனருகே முனை போன செட்டை, அடிவரை நீருக்கு மேலே. இரண்டு பிளவுகள்.

கணினியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். நெடுநேரம் பார்த்தார். "இருக்கா" என்றார். 'ஒன்று' என்று அவரே அழுத்தினார். அன்றிலிருந்து பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கதைதான்.

மையித்து கிடத்தியிருந்த வீட்டில் றிஸ்னா என் கையைப் பிடித்தாள். "அது வாப்பாவ மன்னிச்சிருக்குமா அக்கா?"

ஓம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அவள் முகம் அதற்காகவே காத்திருந்தது. ஆனால் நானா எனக்கு விட்டுப்போனது ஒரே ஒரு சொல். அதை அவர் வீட்டிலேயே எப்படித் தொலைப்பேன்?

"தெரியாது றிஸ்னா," என்றேன். "ஆனா அந்தப் படத்தில, அவர் படகுக்குப் பக்கத்தில வந்துதான் அது மூச்சு விட்டது."