மாமாவின் மினூன்

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் கூரை ஒழுகிக்கொண்டிருந்த ஒரு கராஜை எடுத்து, நானே மேலே ஏறித் தகடு மாற்றி, இன்று ஆறு பேர் வேலை செய்கிற இடமாக்கியிருக்கிறேன். எங்கள் கோயில் தேருக்கு லொறிப் பிரேக் பூட்டினவன் நான். அதற்கு முதல் சரிவில் தேர் இறங்கும்போது இருபது பேர் பின்னால் தொங்க வேண்டியிருந்தது. புவாண்ட்-கிளேரில் நான் இருக்கிற வீட்டின் நிலவறைக்குச் சீமெந்து குழைத்ததும் இந்தக் கைதான். நிற்காது என்று ஒரு எஞ்சினியர் சொல்லிவிட்டுப் போன சுவர் இன்னும் நிற்கிறது, எஞ்சினியரைத்தான் காணவில்லை. என் படிப்பு ஒன்பதாம் வகுப்பு. அதையும் முடிக்கவில்லை.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்லுகிறேன் என்றால், இந்தக் கோடையில் ஒரு அட்டையைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடத்தில், பழைய கார் வைத்திருக்கிறவர்கள் ஞாயிறு காலையில் கொண்டுவந்து பார்வைக்கு நிறுத்துவார்கள். மாமாவின் மகன், என் மச்சான், தன் அப்பாவின் சிவப்புக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், மூக்கு நீண்ட அமெரிக்கக் கார். இந்த நாட்டில் இந்த இனத்தை மசில் கார் என்பார்கள். முன் கண்ணாடியில் ஒரு அட்டை. "என் தந்தை ஒரு அயலவரின் கராஜில் தனியாளாக மீட்டெடுத்த கார். இருக்கைகள் தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே உள்ளன." பிரெஞ்சில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை.

தனியாளாகவாம். நான் இரண்டு மொழியிலும் வாசித்துப் பார்த்தேன். இரண்டிலும் என் பெயர் இல்லை. ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவை ஊரிலேயே பறிகொடுத்துவிட்டு, நானும் அம்மாவும் மாமாவின் ஸ்பொன்சரில் மொன்றியலுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மாமா அம்மாவின் தம்பி. ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். அம்மா குளிர்க்கோட்டுத் தைக்கிற ஃபாக்டரியில். மூன்று பேரும் மூன்றாம் மாடியில் இருந்தோம்.

அந்த வீட்டில் பிரெஞ்சு ஒழுங்காகத் தெரிந்தவன் நான் ஒருவன். மாமாவிடம் இருந்தது குசினிப் பிரெஞ்சு. அம்மாவிடம் போன்ஜூர், மெர்சி, பஸ் தரிப்பிடத்தின் பெயர், அவ்வளவுதான். அரசாங்கக் கடிதம், ஆஸ்பத்திரித் துண்டு, வீட்டுச் சொந்தக்காரனின் கோபம் எல்லாம் என் வாய் வழியாகத்தான் உள்ளே வந்தன. நான் சொன்னதுதான் கடிதம். நான் குறைத்துச் சொன்னால் கோபமும் குறைந்துவிடும். பன்னிரண்டு வயதில் அப்படி ஒரு அதிகாரம் பிறகு எனக்கு எந்த வயதிலும் கிடைக்கவில்லை.

மாமாவை முதலில் சந்தேகப்பட்டது அம்மாவின் மூக்கு. புதன்கிழமையும் சனிக்கிழமையும் வெளியே போய்விட்டு வந்தால் மாமாவில் ஒரு வாசனை.

"என்னடா, தோடம்பழம் மணக்குது?"

"ஒண்டு திண்டனான் அக்கா."

அம்மா மாமாவின் கோட்டுப் பையில் தோல் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. அடுத்த கிழமை நகத்தைப் பார்த்தார். கோப்பை கழுவுகிறவரின் நகத்தை விடவும் சுத்தமான நகம். யாருக்காகவோ தேய்த்துத் தேய்த்துக் கழுவிய நகம். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமா திடீரென்று கேட்டார்.

"அக்கா, சிவப்பு வடிவோ, நீலம் வடிவோ?"

"ஆருக்கு?"

"சும்மா கேட்டனான்."

அம்மாவின் கையில் சோறு அப்படியே நின்றது. ஏனென்றால் அம்மா ஊரில் மாமாவுக்குப் பெண் பேசி முடித்திருந்தார். படம் வந்து, சாதகம் பொருந்தி, சம்மதம் என்று எழுதிய கடிதம் முத்திரை ஒட்டியபடி பிள்ளையார் படத்துக்குப் பின்னால் நல்ல நாள் பார்த்துக் காத்திருந்தது. அது போய்ச் சேர்ந்தால் அங்கே ஒரு பெண் தன் பயண ஏற்பாட்டைத் தொடங்கிவிடுவாள். அதன்பிறகு இல்லை என்று சொல்ல முடியாது.

ரெலிபோன் குசினிச் சுவரில் இருந்தது. அன்று மாமா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாரோ ஒருவரை மெஸ்யூ, அதாவது ஐயா, என்று கூப்பிட்டுப் பிரெஞ்சில் கதைத்தார். மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி. இடைக்கிடை ஒரு சொல் வந்தது: மா மினூன். சிரிப்பு. பிறகும் மா மினூன். போனை வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "தம்பி, மினூன் எண்டால் என்ன?"

எங்கள் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைத் தெருக் கடக்க வைக்கிற ஒரு பெண்மணி இருந்தார். சின்னப் பெண்பிள்ளைகளின் தொப்பியை இழுத்துச் சரிசெய்து, "வா, மா மினூன்" என்பார். "என்ர செல்லம் எண்டு சொல்லுறது அம்மா," என்றேன். "பொம்பிளைப் பிள்ளையளை."

"உனக்கு வடிவாத் தெரியுமோ?"

"ஒவ்வொரு நாளும் கேக்கிறன்."

அந்தச் சொல்லுக்குப் பூனை என்றும் ஒரு பொருள் உண்டு. அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் பூனைக்காக ஒருவர் நகம் தேய்க்கமாட்டார் அல்லவா? இரண்டு பொருளில் பெரியதைக் கொடுத்தேன். கடிதம் பிள்ளையாரின் பின்னால் இருந்து அரிசி வாளியின் அடிக்குப் போனது.

அடுத்த இரண்டு கிழமை மாமா சொன்ன ஒரு சொல்லையும் அம்மா நம்பவில்லை. கேட்கவும் இல்லை. சாப்பாடு கட்டிக்கொடுப்பார், மூடியைக் கொஞ்சம் பலமாக அமத்துவார். ஆனால் என்னிடம் பிரெஞ்சு படிக்கத் தொடங்கினார். சமைக்கும்போது கேட்பார். "வாடகைக்கு என்னடா சொல்லுறது?" லுவாயே என்பேன். "வீட்டுத் திறப்புக்கு?" க்ளே. "‘வேறை வேலை இருக்கோ’ எண்டு எப்பிடிக் கேக்கிறது?" "‘நாங்கள் ரெண்டு பேர்தான்’ எண்டு?" நான் சொல்லச் சொல்லக் கோப்பை கழுவியபடியே திருப்பிச் சொல்லுவார். பிழை விட்டால் நான் திருத்துவேன். நல்ல மாணவி. நானும் நல்ல ஆசிரியர்தான். பள்ளிக்கூடம் என்னை விட்டது அதன் நட்டம்.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாமாவின் பின்னால் போனேன். யாரும் அனுப்பவில்லை, என் சொந்த முயற்சி. உருகுகிற பனியில் அவர் சப்பாத்து அடையாளம் தெளிவாக இருந்தது. ரயில் பாதைப் பக்கம் திரும்பி, வீடுகளின் பின்னால் ஓடுகிற ஒழுங்கையில் ஒரு தகரக் கதவுக்கு முன்னால் அது முடிந்தது. கதவில் காதை வைத்தேன். உள்ளே மாமா தமிழில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"ஒருக்கா. ஒரேயொருக்கா. வாயைத் திறவன் ராசாத்தி. உனக்கு நான் என்ன குறை வைச்சனான்?"

பதிலுக்கு ஒரு இருமல் மாதிரிச் சத்தம். பிறகு அமைதி.

நான் வீட்டுக்கு ஓடினேன். "அம்மா, மாமா கெஞ்சுறார். அவள் வாயே திறக்கேல்லை. வருத்தக்காரி போலை, இருமுறாள்."

அம்மா சேலைக்கு மேலே கோட்டைப் போட்டார். பனிச் சப்பாத்தை மாட்டினார். மேசை இலாச்சியில் இருந்த ஊர்ப் பெண்ணின் படத்தை எடுத்துக் கோட்டுக்குள் வைத்தார். வழியில் ஒரு கேள்விதான் கேட்டார். "அவளுக்குத் தமிழ் விளங்குமோ?" மாமா தமிழில்தான் கெஞ்சினார் என்றேன். அது அம்மாவுக்கு இன்னும் தாங்கமுடியாமல் இருந்தது என்று நினைக்கிறேன். நடை வேகமானது.

தகரக் கதவை ஒரு வெள்ளைக் கிழவர் திறந்தார். அம்மா போன்ஜூர்கூடச் சொல்லவில்லை. "மினூன்?" என்றார், கையை விரித்து.

கிழவரின் முகம் மலர்ந்தது. தன் மகளைக் காட்டுகிற மாதிரிக் கையை உள்ளே நீட்டினார்.

சில்லு இல்லாமல், மரக்கட்டைகளின் மேலே ஒரு கார். பாதி கறள், பாதி சாம்பல் நிறப் பூச்சு. இருக்கைகள் வெளியே கிடந்தன, துணி கிழிந்து பஞ்சு தள்ளியபடி. கீழே இரண்டு சப்பாத்து. அம்மா சப்பாத்தைக் கவனிக்கவில்லை. காரின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். கதவைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்தார். பின்பக்கச் சாமான் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கிழவருக்குச் சைகை காட்டினார். கிழவர் சந்தோஷமாகத் திறந்து காட்டினார்.

"எங்கையடா அவள்?"

மாமா காருக்குக் கீழே இருந்து தலையை நீட்டினார். "அக்கா! எவள்?"

"மினூன்! எனக்கு எல்லாம் தெரியும். தம்பி சொல்லிப்போட்டான்."

மாமா எழும்பி, முகத்து எண்ணெயைத் துடைத்தபடி, காரின் பொனட்டைத் தட்டினார். "இவள்தான் அக்கா."

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கிழவர்தான் விளக்கினார். கறள் பிடித்த பழைய காரையும் இந்த ஊரில் அன்பாக மினூன் என்பார்களாம். அந்த விளக்கத்தை அம்மாவுக்குத் தமிழில் சொல்லவேண்டிய நிலைமையும் எனக்குத்தான் வந்தது. "நான் சொன்னது பிழையில்லை," என்றும் சேர்த்துக்கொண்டேன். அலுமாரியில் தோடம்பழ வாசனையோடு ஒரு டப்பா இருந்தது. மெக்கானிக்மார் கை கழுவுகிற பசை.

கிழவருக்கு முழங்கால் மடியாது, காருக்குக் கீழே போக முடியாது. கீழே போகிற வேலை மாமாவுக்கு. வேலை முடிந்ததும் கார் மாமாவுக்கு. "முடிச்சுப்போட்டுக் காட்டுவம் எண்டிருந்தனான்," என்றார் மாமா. "வாற பொம்பிளையை ஏர்போட்டிலையிருந்து பஸ்ஸிலையோ கூட்டிக்கொண்டு வாறது?"

அம்மா ஒரு ரயரின் மேலே இருந்தார். முதலில் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் இந்த நாட்டில் கண்டதில்லை. பிறகு கோட்டுக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார், நிறுத்தவே முடியாமல். கிழவர் பதறிப்போய் எண்ணெய்த் துணியை நீட்டினார். என் மொழிபெயர்ப்பால் வந்த வெட்கத்தில்தான் அம்மா அழுகிறார் என்று நினைத்து நான் கதவோரம் போய் நின்றேன். கடைசியில் படத்தை எடுத்து மாமாவிடம் கொடுத்தார். கிழவர் தானும் பார்க்கக் கேட்டார். கேட்பதற்கு முதல் கையைக் கழுவினார்.

"சிவப்பு," என்றார் அம்மா எழும்பும்போது. "சிவப்புத்தான் வடிவு."

திங்கட்கிழமை அரிசி வாளியில் இருந்து கடிதம் வெளியே வந்தது. அதைத் தபால் பெட்டியில் போட்டது நான். மச்சான், இதையும் கவனி.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் நானும் போனேன். கிழவர் பிரெஞ்சில் சொல்லுவார், நான் காருக்குக் கீழே குனிந்து தமிழில் சொல்லுவேன், மாமா திருகுவார். கறள் சுரண்டினேன், கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். என் தொழில் தொடங்கியது அங்கேதான். இருக்கைகளை அம்மா தைத்தார். ஃபாக்டரியில் கழித்த கறுப்பு ரெக்சீன் துண்டுகளை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கேயே. ஓரத்தில் இரட்டைத் தையல் ஓடும், பார். எந்தக் கார்த் தொழிற்சாலையும் அப்படித் தைக்காது. அது குளிர்க்கோட்டின் கைமூட்டுத் தையல். எஞ்சின் முதல்முறை முழங்கிய அன்று அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "இப்பத்தான் வாய் திறந்திருக்கிறாள்," என்றார். அடுத்த வருடம் மாமி மிராபெல் விமான நிலையத்தில் வந்திறங்கி, ஹீட்டர் இல்லாத அந்தக் காரில், போர்வை சுற்றியபடி வீட்டுக்கு வந்தார்.

ஒன்று மட்டும் எனக்கு அப்போது விளங்கவில்லை. தகரக் கதவு திறந்த அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அம்மா என்னிடம் ஒரு பிரெஞ்சுச் சொல்லும் கேட்கவில்லை. நானே போய், "இண்டைக்குப் பாடம் இல்லையோ?" என்றேன். "இனித் தேவைப்படாது அப்பன்," என்று சொல்லிவிட்டு அரிசி கழுவினார். படிப்பில் அக்கறை போய்விட்டது, அம்மாவும் என்னைப்போலத்தான் என்று நினைத்தேன். வாடகை, திறப்பு, வேறு வேலை, நாங்கள் இரண்டு பேர்தான். வேறு வீடு தேடுகிறவரின் அந்தச் சொற்களை ஒரு வரிசையில் வைத்துப் பார்க்க எனக்கு இத்தனை வருடம் எடுத்தது. வைத்துப் பார்த்தபோது அவற்றைக் கேட்டவர் உயிரோடு இல்லை.

ஆகவே மச்சான், நீ கல்லூரியில் படித்தவன். உனக்கு அட்டை அடிக்கத் தெரியும். தனியாளாக என்பதை வெட்டு. இருக்கைகள் தொழிற்சாலையில் இருந்து வந்தவைதான், ஆனால் எந்தத் தொழிற்சாலை என்று எழுது. என் அம்மாவின் பெயரைப் போடு. அதற்குக் கீழே, ஒரு தனி வரியில், "மொழிபெயர்ப்பு" என்று போட்டு என் பெயரை எழுது. அடுத்த ஞாயிறு நான் வந்து பார்ப்பேன், இரண்டு மொழியிலும்.