மேட்டில் நின்ற காற்று

2024 மார்ச் 18, திங்கட்கிழமை, காலை 6.40. வானத்தில் மேகமில்லை, புல்லில் பனி இருந்தது. என் கருப்பு ஓஸ் குழாயின் வாய் இரண்டு முறை இருமி, ஒரு கை தண்ணீர் துப்பியது. பிறகு காற்று மட்டும் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

கொல்லிமலையில் மேல் ஊற்றிலிருந்து இப்படித்தான் ஓஸ் போட்டுத் தண்ணீர் இறக்குகிறோம். மோட்டார் கிடையாது, சரிவே இழுத்து வரும். என் ஓஸ் 310 மீட்டர். நடுவே ஒரு மேடு ஏறி இறங்குகிறது. கோடையில் ஊற்று தாழ்ந்தால் ஓஸின் தலை பாதி வெளியே தெரியும். தண்ணீரோடு காற்றையும் விழுங்கும். தண்ணீர் இறங்கிவிடும். காற்று மேட்டிலேயே நின்று வழியை அடைத்துக்கொள்ளும். அங்கே ஓஸில் ஒரு துளை போட்டு ஆணி செருகி வைத்திருக்கிறோம். பிடுங்கினால் காற்று போய்விடும். இரண்டு நிமிட வேலை.

ஆனால் அந்த மேடு கோயில் காட்டுக்குள் இருக்கிறது. முந்தின நாள் மாலைதான் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டினால் எட்டு நாள் அந்தக் காட்டில் யாரும் கால் வைப்பதில்லை.

வீட்டுக்குப் பின்னால் 420 பைகளில் மிளகு நாற்று வைத்திருந்தேன். என் பழைய கொடிகள் வாடல் நோயில் போய்விட்டன. எனக்கு 74 வயது. இன்னொரு முறை நாற்றுப் போட்டு, நட்டு, காய்ப்புக்குக் காத்திருக்க வயது இடம் தராது.

வழக்கமாக ஆணி பிடுங்குகிறவர் பக்கத்துத் தோட்டக்காரர். அன்று காட்டைச் சுற்றி ஊற்றுக்குப் போய், ஓஸின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிக் கல் வைத்துவிட்டு வந்தார். அவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

“ஆணிய மட்டும் புடுங்கிட்டு வந்துரலாமுங்களா?” என்றேன்.

“ஏனுங்க வாத்தியாரே, காப்பக் கட்டிக்கிட்டு நான் உள்ள போறதா? சாமிகிட்டச் சொல்லுங்க, அதே புடுங்கி உடட்டும்.”

“நாத்துக் காஞ்சு போயிருங்க.”

“காஞ்சா அடுத்த வருசம் வைங்க. மலை எங்க போவுது?”

மலை போகாது. நான்தான் போவேன்.

அடைத்த காற்றை மேலே தள்ளிவிடலாம் என்று கீழ் வாயில் டியூப் துண்டைக் கட்டி, சைக்கிள் பம்பால் 200 முறை அடித்தேன். மூச்சு வாங்கியது எனக்குத்தான். அவர் வேலியோரம் நின்று பார்த்தார்.

“காத்து அடச்சதுக்குக் காத்தா அடிக்கறீங்க?”

விடியற்காலைக் குளிரில் ஓஸின் வாயில் நூல்போலத் தண்ணீர் கசிந்தது. அரைக் குடம் சேரும். வெயில் ஏறிக் கருப்பு ஓஸ் சூடானால் உள்ளே காற்று உப்பிக்கொள்ளும், கசிவும் நின்றுவிடும். தினமும் அப்படித்தான். கசிந்ததை டம்ளரால் ஊற்றினேன். முதல் நான்கு வரிசையைத் தாண்டவில்லை. பொதுக் குழாயில் வந்தது குடிக்கச் சரியாக இருந்தது. ஜீப்பில் இரண்டு தடவை பேரலில் தண்ணீர் வந்தது. பிறகு ஜீப்புக்காரர் திருவிழாக் கூட்டம் ஏற்றப் போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் காலை பக்கத்துத் தோட்டக்காரர் மேட்டிலிருந்து குரல் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் ஓஸ் இருமியது, துப்பியது, பிறகு விடாமல் கொட்டியது. பச்சையாக இருந்த பைகளை எண்ணினேன். 97. மிச்சத்துக்கும் சேர்த்தே தண்ணீர் விட்டேன்.

போன நாற்று 323, ஒன்று பதினைந்து ரூபாய். ஜீப் இரண்டு நடை, நடைக்குத் தொள்ளாயிரம். ஆக மொத்தம் 6,645 ரூபாய்.