இருபத்தாறு வீட்டுக்கும் ஒரே பரிசு

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம். அண்ணனின் வாழ்க்கைக் குறிப்பை எழுதித் தரும்படி அண்ணி கேட்டபோது ஒரு பக்கம் போதும் என்றார். ஒரு பக்கத்தில் அடங்காது. அண்ணன் உயிரோடு இருந்தபோதே உங்கள் எல்லார் முன்னிலையிலும் நான் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டு அவருடைய நல்ல குணங்களை மட்டும் அடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்தவர். எங்கள் அப்பா அங்கே எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை வெட்டினார். அப்பா மாரடைப்பில் இறந்தபோது அண்ணனுக்குப் பதினாறு வயது, எனக்கு ஆறு. தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பண்டமாரானுக்கு வந்து ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார். அண்ணன் படிப்பை அதோடு நிறுத்திவிட்டுத் துறைமுக லோரி ஒன்றில் உதவியாளாகச் சேர்ந்தார். "எனக்குப் படிப்பு ஏறாது" என்று பிற்காலத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொள்வார். அது பச்சைப் பொய். அவருடைய பழைய பள்ளி அறிக்கை என்னிடம் இருக்கிறது. வகுப்பில் மூன்றாவதாக வந்திருக்கிறார்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு வசதியான உறவினர் ஒருவர் கார் நிறையப் பரிசுகளோடு எங்கள் அறைக்கு வந்தார். துணிமணி, பிஸ்கட் டின்கள், எனக்கு ஒரு பெரிய பொம்மை. நல்ல மனதோடுதான் கொண்டுவந்தார். அம்மாவிடம் கொடுப்பதற்குக் காப்பியைத் தவிர ஒன்றுமில்லை. அடுத்த வருடம் கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்த பிறகும் அம்மா எங்களை வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை. "அவங்க வந்தா திருப்பிக் குடுக்க நம்மகிட்ட என்னா இருக்கு?" என்று சொல்லிச் சாயங்காலம் வரை கோயில் வளாகத்திலேயே உட்கார வைத்துவிட்டார். நான் பசியில் அழுதேன். அண்ணன் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

பிறகு அண்ணன் லைசென்ஸ் எடுத்துக் கண்டெய்னர் லோரி ஓட்டினார். அண்ணி வந்தார். பண்டமாரானிலேயே சிறிய வீடு ஒன்று வாங்கினார்கள். என்னைக் கணக்கியல் படிக்க வைத்தார்கள். கட்டணத்துக்கு அண்ணியின் வளையல் இரண்டு முறை அடகுக் கடைக்குப் போய் வந்தது எனக்குத் தெரியும். அம்மா கண்ணை மூடும்போது என் கையை அண்ணியின் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அண்ணனின் கிறிஸ்துமஸ் பட்ஜெட்டைப் பற்றி உங்களில் தெரியாதவர் யாரும் இருக்க முடியாது. மாதம் நாற்பத்தைந்து வெள்ளி, ஜனவரியிலிருந்து சம்பளத்தில் தனியாக எடுத்து வைப்பார். வருடக் கடைசியில் ஐந்நூற்று நாற்பது. இருபத்தாறு வீடுகளுக்கு வீட்டுக்கு இருபது வெள்ளி வீதம் போக, மிச்சம் இருபது வெள்ளி பொட்டலம் கட்டும் காகிதத்துக்கு. கேரி தீவில் இருக்கும் சித்தி வீடு, அண்ணியின் அக்கா வீடு, பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி, லோரி பழுது பார்க்கும் மலாய்க்கார அண்ணன், கூட ஓட்டும் டிரைவர்கள், எல்லாரும் அந்த இருபத்தாறில் அடக்கம். யாருக்கும் இருபத்தொரு வெள்ளி கிடையாது, யாருக்கும் பத்தொன்பதும் கிடையாது. கிள்ளானில் ஒரே கடையில் ஒரே பொருளை இருபத்தாறாக வாங்கினால் விலை குறைப்பார்கள் என்பதால் எல்லாருக்கும் ஒரே சாமான்தான் வரும்.

அதனால் நம் குடும்பத்தில் வருடங்களுக்கே பெயர் உண்டு. பிளாஸ்க் வருஷம், சுவர்க் கடிகார வருஷம், துண்டு வருஷம். "உங்க மூத்தவனுக்குப் பல்லு மொளச்சது எப்ப?" என்று கேட்டால், "பிளாஸ்க் வருஷத்துக்கு அடுத்த வருஷம்" என்று பதில் வரும். நாங்கள் எவ்வளவு கிண்டல் செய்தாலும் அண்ணன் அசைய மாட்டார். "வாங்குறவங்களும் திருப்பிக் குடுக்கணும்லா? இருபது வெள்ளின்னா யாரும் கடன் வாங்க வேணாம்" என்பார். அதற்கு மேல் விளக்கம் சொல்ல மாட்டார். அது கோயில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாளிலிருந்து வந்த கணக்கு என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. கணக்கியல் படித்தவள் நான்தான்.

எனக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் சம்பந்தம் அமைந்தது. படித்த குடும்பம், வசதியான குடும்பம். என்னை மகளாகவே நடத்தினார்கள், இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். அந்த வருடம் எங்களுக்குத் தலைக் கிறிஸ்துமஸ். பிறந்த வீட்டிலிருந்து சம்பந்தி வீட்டுக்கு என்ன வருகிறது என்று பத்துப் பேர் பார்ப்பார்கள். அண்ணனுக்கு அது குடை வருஷம். மடக்குக் குடை, கறுப்பு. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரமே பொட்டலம் கட்டி, "நான் வர்றதுக்குள்ள மாமியார்கிட்ட குடுத்துடு பாப்பா" என்று என்னிடம் கொடுத்து அனுப்பினார்.

அந்தக் குடையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் பொங்கியது. இவருக்கு இடம் பொருள் தெரியாதா, என் மானத்தை வாங்குகிறாரே என்று காரிலேயே அழுதேன். வெட்கப்பட்டேன் என்பதுதான் உண்மை. குடையைக் காரின் பின்பெட்டியில் தள்ளிவிட்டு, என் போனஸிலிருந்து முந்நூறு வெள்ளிக்குப் பொன்னிற விளிம்பு போட்ட பீங்கான் சாப்பாட்டு செட் ஒன்றை வாங்கினேன். அண்ணன் கட்டும் அதே சிவப்புக் காகிதத்தில் சுற்றி, "பண்டமாரான் வீட்டிலிருந்து அன்புடன்" என்று அவர் கையெழுத்துப் போலவே எழுதி மாமியாரிடம் கொடுத்தேன்.

புத்தாண்டு அன்று மாமியார் வீட்டில் யாரும் வந்து சாப்பிட்டுப் போகலாம் என்ற திறந்த இல்ல விருந்து. அண்ணனும் அண்ணியும் சித்தியைக் கேரி தீவிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மாமியார் அந்தப் பீங்கானிலேயே சாப்பாடு பரிமாறினார். "பாருங்க, உங்க வீட்டுப் பிள்ளை குடுத்தது. எவ்வளவு அழகா தேடி எடுத்திருக்காரு" என்று சித்தியிடம் பெருமையாகச் சொன்னார். அண்ணன் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆமாங்கம்மா. உங்களுக்குப் பிடிச்சிருந்தா சரி" என்றார் அண்ணன்.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சித்தி கேட்டுவிட்டார். "தம்பி, எனக்குக் குடை, இங்க பீங்கானா? பணக்கார சம்பந்தி வந்ததும் உன் கை மாறிப்போச்சிலா." சித்திக்குப் பீங்கான் மேல் ஆசை கிடையாது. அண்ணன் எல்லாரையும் ஒரே மாதிரி வைத்திருக்கிறார் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர், அதுதான் அவருக்கு வலித்தது.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கையில் சித்திக்காகக் கட்டிய கேக் பொட்டலம். "சித்தி, அது நான் வாங்கினது" என்று சொல்ல ஒரு நொடி போதும். பின்னால் கதவருகே மாமியார் நின்றிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணன்தான் பேசினார். "தப்புதான் சித்தி. அடுத்த வருஷம் சரி பண்ணிடுறேன்."

சரி பண்ணினார். அடுத்த கிறிஸ்துமஸுக்கு இருபத்தைந்து வீடுகளுக்கும் பீங்கான் செட் வந்தது. உங்களில் பலர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இன்னும் இருக்கும். "டிரைவருக்கு லாட்டரி அடிச்சிருக்கு" என்று சிலர் கேலி செய்தீர்கள், அவரும் சேர்ந்து சிரித்தார். மொத்த விலைக்கு எடுத்தும் ஒன்று நூற்றெண்பது வெள்ளி. நாலாயிரத்து ஐந்நூறு வெள்ளி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்த வருடம் முழுக்க அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜொகூருக்கு லோரி ஓட்டினார். ஞாயிறு பூசையைத் தவறவிடாத மனிதர், அந்த வருடம் கோயிலுக்குப் போனது விரல் விட்டு எண்ணக்கூடிய நாட்கள்தான். கால் வீக்கம் தொடங்கியதும் அப்போதுதான். அண்ணி ஒரு நாள் போனில் சொன்னார். "பாப்பா, உங்க அண்ணன் ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னாரு. எனக்கு மனசு கேக்கல." நான் பணத்தோடு ஓடினேன். "வேணாம்லா, பட்ஜெட் போட்டாச்சு" என்று வாங்க மறுத்துவிட்டார்.

என் மாமியார் வீடு மட்டும்தான் பாக்கி. அந்த டிசம்பரில் அண்ணன் என்னிடம் கேட்டார்.

"அந்தக் குடை எங்க பாப்பா?"

"கார்லதான் இருக்குண்ணே."

"எடுத்துட்டு வா."

புதுக் காகிதத்தில் அவரே சுற்றினார். பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்து என் மாமியார் கையில் கொடுத்து, "போன வருஷம் மத்த வீட்டுக்கெல்லாம் இது குடுத்தேம்மா. உங்களுக்கு இப்பதான் முறை" என்றார். கணக்குச் சரியாகிவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் அந்த விஷயத்தைப் பற்றி அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அடுத்த வருடம் பழையபடி இருபது வெள்ளிக்குத் திரும்பினார். தலையணை உறை. யாரும் குறை சொல்லவில்லை.

கடைசி மூன்று வருடங்கள் அண்ணனுக்கு நீரிழிவு முற்றிச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரம் மூன்று நாள் கிள்ளானில் இரத்தச் சுத்திகரிப்பு. லோரியை விட்டார், மாதம் நாற்பத்தைந்தை விடவில்லை. கடைசி நவம்பரிலும் சிகிச்சை நாற்காலியில் படுத்தபடியே அண்ணியிடம் பெயர்களைச் சொல்லி எழுத வைத்தார். சிகிச்சைக்குத் தன்னோடு வரும் இன்னொரு நோயாளியின் பெயரையும் சேர்க்கச் சொன்னார். இருபத்தேழாகிறதே என்று அண்ணி கேட்டதற்கு, "காகிதத்த கொறச்சிக்கலாம், நியூஸ் பேப்பர்ல சுத்து" என்றார். பொருள் வாங்கி முடித்துப் பொட்டலம் கட்டுவதற்குள் அண்ணன் போய்விட்டார். பதினைந்து நாள் கழித்துக் கிறிஸ்துமஸுக்கு அண்ணி அதையெல்லாம் செய்தித்தாளில் சுற்றி வீடு வீடாகக் கொண்டு வந்து கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

அடக்கத்தன்று நடந்ததைச் சொல்லாமல் முடிக்க முடியாது. சித்தி பெட்டியின் மேல் விழுந்து அழுதார். "நான் ஒரு வார்த்த சொல்லிட்டேன்னுதானேப்பா வருஷம் பூரா லோரி ஏறுன. என் வாயிதானேப்பா ஒன்ன கொன்னுச்சி" என்று கதறினார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. இத்தனை வருடமாக அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அன்றும் நான் அங்கேதான் நின்றேன். அன்றும் பேசவில்லை. இரண்டாவது முறை வாய் மூடி நின்றதை என்னால் மன்னித்துக்கொள்ள முடியவில்லை.

அண்ணனின் கடைசி நாட்களில் உதவிய ஒவ்வொருவருக்கும் எங்கள் நன்றி. சிகிச்சை நாட்களில் மாறி மாறி அவரை ஏற்றிச் சென்ற லோரி நண்பர்களுக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்தனுப்பிய சீன ஆன்டிக்கும், அடக்கத்தன்று பந்தல் போட்ட மலாய்க்கார அண்ணனுக்கும் அவர் பிள்ளைகளுக்கும், வீட்டுக்கே வந்து நற்கருணை கொடுத்த பாதருக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். முப்பது வருடம் அந்த மனிதரோடு ஒரே பட்ஜெட்டில் வாழ்ந்த அண்ணிக்கு நன்றி என்று எழுத எனக்கு அருகதை இல்லை.

இந்தக் கட்டுரையை அச்சகத்துக்கு அனுப்பும் முன் என் மாமியாரிடம் கொடுத்தேன். அவரை ஏமாற்றியதும் இதில் இருக்கிறதே. முழுவதும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "குடுத்துடும்மா. சித்திக்குக் கண்ணு மங்கலா இருக்கே, கடைசில அவங்களுக்கு எழுதுறத மட்டும் பெரிய எழுத்துல போடச் சொல்லு" என்றார். அப்படியே போடச் சொல்லியிருக்கிறேன்.

சித்தி, அந்தப் பீங்கானை வாங்கியது நான். அண்ணன் பெயரை எழுதியதும் நான். அவருடைய கை மாறவே இல்லை. என்னைக் காட்டிக் கொடுக்காமல் இருப்பதற்காக உங்கள் முன்னால் தப்பை ஏற்றுக்கொண்டார், என்னால்தான் லோரி ஏறினார். நீங்கள் சொன்ன வார்த்தையில் ஒரு குற்றமும் இல்லை. இனிமேல் அழாதீர்கள் சித்தி. அந்த அழுகை என்னுடையது.