சுண்ணாம்பு பூசிய கல்மேடு

லுபோசி ஆறு கடலில் கலக்கிற இடத்துப் பூங்காவில் க்வின்யா விற்கும் மாஜோலாவைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கம் கிடையாது. எண்ணெயில் பொரித்த அந்த உருண்டை ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் மீன்பிடிக்கிறவன் தூண்டிலைத் தொடுவான். அவள் சொந்தப் பெயர் நோஃபெஸிலே. கல்யாணமான பெண்ணை அவள் பிறந்த குலத்தின் பெயரால் கூப்பிடுவதுதான் மரியாதை என்பதால் ஊருக்கெல்லாம் அவள் மாஜோலா.

பிடிவாதக்காரி. ஒருமுறை ஆற்றில் வெள்ளம் வந்து பூங்காப் புல் முழுக்க முழங்கால் தண்ணீர் நின்றபோதும், வண்டியை மேடான ஓரத்துக்குத் தள்ளிப்போய் அடுப்பைப் பற்றவைத்தவள். வாங்க ஆள் வரவில்லை. பொரித்ததை எல்லாம் தானே தின்றுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அவள் கணவன் போனகேலே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தான். மலைகளுக்கு அப்பால், ரயிலிலும் பேருந்திலுமாகப் போய்ச் சேருகிற தூரம். ஒரு வருஷம் சுரங்கம் உள்ளே இடிந்தது. அவனுடைய தகரப்பெட்டி ஊருக்கு வந்தது, அவன் வரவில்லை. இடிந்த இடத்தை அப்படியே மூடிவிட்டார்கள். ஊர் வழக்கப்படி மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் மற்றவர்களுக்கெல்லாம் புதைமேடு இருக்கிறது, அவனுக்கு இல்லை. அவனுக்கு என்று இருந்ததெல்லாம் கல்மேட்டில்தான்.

பாறை முனையின் அடியில், கடற்கரைப் பாதை மேலே ஏறுகிற இடத்தில் இருக்கிறது இசிவிவானே என்கிற அந்தக் கல்மேடு. பயணம் போகிறவன் ஒரு கல்லை எடுத்து, எச்சில் தொட்டு, வழிக்குத் துணை கேட்டு அதன்மேல் போட்டுவிட்டுப் போவான். திரும்பி வருகிறவன் போன ஊரிலிருந்தே ஒரு கல் கொண்டுவந்து போடுவான், அது இந்தக் கரைக்காரர்களின் வழக்கம். போடலாம், எடுக்கக் கூடாது. ஒரு கல்லை எடுத்தால் போட்டவனின் வழியை எடுத்த மாதிரி. போனகேலே ஒவ்வொரு முறை லீவில் வந்தபோதும் போட்டான். அவன் எறிவதை மாஜோலா பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். எங்கே போய் விழுந்தது என்று பார்க்கவில்லை. உயிரோடு வந்து நிற்கிற புருஷனைப் பார்ப்பாளா, கல்லைப் பார்ப்பாளா?

இந்த நிலையில்தான் நகரசபை பூங்காவைப் பெரிதாக்கக் கிளம்பியது. கார் நிறுத்த இடம் வேண்டும். கல்மேட்டை வாரி ஆற்றங்கரைத் தடுப்புச் சுவருக்குக் கொட்டிவிட்டு அங்கே தளம் போடுவதாகத் திட்டம். ஊர் ஆண்கள் கூடிப் பேசினார்கள், தலையை ஆட்டினார்கள், கலைந்தார்கள். மாஜோலா கவுன்சிலர் ஜோங்கிலாங்காவின் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். மறுநாளும் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் அவருக்கு வீட்டைவிட்டு வெளியே வரவே கூச்சமாகிவிட்டது.

"அம்மா, அது முனையிலேர்ந்து சரிஞ்சு விழுந்த பாறைன்னு இன்ஜினியர் சொல்றார். மனுஷன் போட்டதுன்னா பழைய சின்னம், தொட முடியாது. விழுந்ததுன்னா வெறும் இடிபாடு. பாறை படிச்ச ஒருத்தர் வியாழக்கிழமை வந்து பார்க்கறார். அவர் சொல்றதுதான் முடிவு. போதுமா?"

"போதும்" என்றாள் மாஜோலா. போதாது என்று அவளுக்குத் தோன்றியது. வருகிறவர் பெரிய மனுஷர். அழுக்கும் பாசியுமாகக் கிடக்கிற கல்மேட்டை அவர் மதிப்பாரா? அரசாங்கம் எந்தக் கல்லை மதிக்கிறது என்று யோசித்தாள். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வரிசையாக வெள்ளையடித்த கல். பள்ளிக்கூடத்துக் கொடிமரத்தைச் சுற்றி வெள்ளையடித்த கல். கோர்ட்டுக்கும் அப்படித்தான். அவ்வளவுதான், பதில் கிடைத்துவிட்டது. தோழி மாபேலேயையும் இன்னும் நாலைந்து பெண்களையும் சேர்த்துக்கொண்டு, வீட்டுச் சுவருக்கு வைத்திருந்த சுண்ணாம்பையெல்லாம் கரைத்து, புதன்கிழமை பூராவும் கல்மேட்டுக்குப் பூசினார்கள். சாயங்காலம் தள்ளி நின்று பார்த்தபோது அது கல்யாண வீடு மாதிரி பளிச்சென்று இருந்தது.

வியாழக்கிழமை வந்தவர் மொலேஃபி என்ற இளைஞர். பெரிய தொப்பி, இடுப்பில் சுத்தியல். முதலில் பாறை முனையைப் பார்த்தார். அது பழைய கடல் ஒன்றின் அடியில் படிந்த மணல், தரையில் மிருகங்கள் நடமாடுவதற்கும் முன்னாலேயே இறுகிக் கல்லானது, இன்றும் துண்டு துண்டாக உதிர்ந்துகொண்டிருக்கிறது என்று பெண்களுக்குப் பொறுமையாகச் சொன்னார். பிறகு கல்மேட்டுக்கு வந்து அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு இதுக்கு வெள்ளையடிச்சது?"

"நாங்கதான்" என்றாள் மாபேலே பெருமையாக. "நல்லாருக்கா தம்பி?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எது என்ன கல்லுன்னு எனக்குத் தெரியலையே. முனையும் வெள்ளை, இதுவும் வெள்ளை. மேலேர்ந்து விழுந்ததுன்னு எவன் சொன்னாலும் இப்ப நான் இல்லேன்னு சொல்ல முடியாது. பத்துக் கல்லை எடுத்து உடைச்சுப் பார்க்கலாமா?"

"கூடாது" என்றாள் மாஜோலா.

"எடுக்காம எப்படிம்மா?"

"எப்போ கிளம்பறீங்க?"

"நாளைக்கு மத்தியானம்."

"அதுவரைக்கும் முனையை அளந்துக்கிட்டு இருங்க. கிளம்பும்போது இங்கே வாங்க."

தன் முட்டாள்தனத்தை நினைத்து அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நகரசபை அழிக்க நினைத்ததைத் தானே வெள்ளையடித்து மறைத்துக் கொடுத்திருக்கிறாள்! அழுதுகொண்டு உட்காரவில்லை. எடுக்கக் கூடாது, சரி. கல்லை ஆற்றுக்குக் கொண்டுபோகக் கூடாது என்றால் ஆற்றைக் கல்லுக்குக் கொண்டுவர வேண்டியதுதான். வாளியைத் தலையில் வைத்தாள். வீட்டில் மணி உதிர்த்து எரிப்பதற்குப் போட்டிருந்த மக்காச்சோளக் கட்டைகளைச் சாக்கில் அள்ளினாள். கல்லைக் கிடந்த இடத்திலேயே வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். மற்ற பெண்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

பூசுவதற்கு ஒரு பகல் போதுமாயிருந்தது. சுரண்டுவது வேறு சங்கதி. பொருக்கு கல்லின் இடுக்கெல்லாம் புகுந்திருந்தது. விரல் நுனிகள் வெந்துபோயின. கவுன்சிலர் காரை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"என்ன மாஜோலா, நேத்து பூசினீங்க, இன்னிக்குத் தேய்க்கறீங்க. நாளைக்குப் பச்சைப் பெயிண்டா?"

"உங்க மூஞ்சிக்குக் கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கேன். வந்து ஒரு வாளி தூக்குங்க."

அவர் தூக்கவில்லை. அவருடைய மனைவி இறங்கித் தூக்கினாள். இருட்டும்போது சிலர் போனார்கள், விடியும்போது அவர்களைவிட அதிகம் பேர் வந்தார்கள். மாஜோலா கீழ்வரிசைவரை ஒரு கல்லையும் தேய்க்காமல் விடவில்லை. மற்றவர்கள் தேய்த்ததையும் இன்னொரு தரம் தேய்த்தாள்.

மத்தியானம் மொலேஃபி வந்தபோது மேடு ஈரமாக வெயிலில் கிடந்தது. வெள்ளை, கறுப்பு, சாம்பல், செம்மண் நிறம், எல்லாம் கலந்து. அவர் மேட்டைச் சுற்றி வந்தார். பிறகு மண்டியிட்டார்.

"இந்த வெள்ளை, முனையோடது. இந்தக் கறுப்பை ஆறு உருட்டிக்கிட்டு வந்திருக்கலாம்னு சொல்லுவாங்க. ஆனா இது..." கறுத்த கல் ஒன்று, உள்ளே பட்டாணி பட்டாணியாக வெள்ளைக் கூழாங்கற்கள் பதிந்து, ஓரத்தில் பித்தளை மாதிரி மினுக்கம். "இது இந்தக் கரையிலே கிடையாது. எந்த ஆறும் இதை இங்கே கொண்டுவராது. தங்கச் சுரங்கத்துக்குள்ளேர்ந்து வெட்டி வெளியே கொட்டற கல்லும்மா இது. எங்கப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார். எங்க வீட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுக்க இதுதான்." சுற்றிப் பார்த்தார். "இதோ இன்னொண்ணு. அங்கே. அதோ அங்கேயும்."

பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள். மேடு முழுக்க இருந்தன. பாதிப் பேர் வீட்டில் சுரங்கத்துக்குப் போன ஆண் இருந்தான். போய் வந்தவன், வராதவன், இருமி இருமிச் செத்தவன். மாபேலே முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மொலேஃபி அன்று கிளம்பவில்லை. சாயங்காலம் நகரசபைக் கூட்டத்தில் சுற்றிவளைக்காமல் சொன்னார்: இது மனுஷர் போட்டது, கையெடுத்து வணங்க வேண்டியது. கவுன்சிலர் ஜோங்கிலாங்கா தொண்டையைக் கனைத்தார்.

"அப்போ காரை எங்கே நிறுத்தறது? சமதரைன்னு பார்த்தா மாஜோலா வண்டி போடற இடம்தான் இருக்கு. நல்ல நிழல், நல்ல வியாபாரம். யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"வண்டிக்குச் சக்கரம் இருக்கு" என்றாள் அவள். யோசிக்கவே இல்லை.

வெளியே வந்தபோது மொலேஃபி மெல்லக் கேட்டார். "உங்க வீட்டுக்காரரும் சுரங்கத்துலேன்னு சொன்னாங்க. அவர் போட்ட கல்லு எதும்மா?"

"தெரியலை தம்பி" என்றாள் மாஜோலா. வெந்த விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "தெரிஞ்சிருந்தா அதை மட்டும் தேய்ச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்."

பிறகு வண்டியை நகர்த்தப் போனாள்.