பின்சீட்டின் இடது மூலை

தென்காசியில் கார்களின் எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்கும் கடையை நான் தொடங்கி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெண் நடத்தும் கடை என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் வேலை கொடுத்தவர்களைவிட அதிகம். சாரல் தொடங்கிய ஒரு காலை, வளைகுடாவில் இருபது வருடம் கார் ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய ஒரு பாய் தன் ஹைப்ரிட் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

“ஓடிக்கிட்டு இருக்கும்போதே முன்னால டேஷ்போர்டுல எல்லா லைட்டும் எரியுது தங்கச்சி. அப்புறம் வண்டி நகர மாட்டேங்கு. பத்து நிமிசம் கழிச்சு, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது.”

முன்பு குற்றாலத்தில் நின்றிருக்கிறது; கடைசியாக நின்றது கேரளா போகும் வழியில் புளியறை ஏற்றத்தில். பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, மனைவியையும் பேத்திகளையும் மழையில் இறக்கி ஓரமாக நிற்க வைத்திருக்கிறார். ஷோரூமில் இரண்டு முறை விட்டும் அங்கே ஓட்டிப் பார்த்தபோது ஒரு தடவைகூட நிற்கவில்லையாம். ஆனாலும் பேட்டரி கம்ப்யூட்டரை மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவி தனியாக ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

“கார்லயே வந்திருக்கலாமே அக்கா” என்றேன்.

“நான் ஏறுனாத்தான் இது நிக்குது. என் கால்ல முசீபத்து இருக்கு, பீடை பிடிச்ச காலுன்னு எங்க நாத்தனா சொல்லிட்டா. எதுக்கு வம்பு?” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் புளியறையில் நின்ற நாளுக்குப் பிறகு அவர் அந்தக் காரில் ஏறவே இல்லை என்று பாய் மெதுவாகச் சொன்னார்.

எனக்கு மனசு சங்கடமாக இருந்தது. அதற்குமேல் அந்த வார்த்தையில் எதுவும் இருப்பதாக அப்போது தோன்றவில்லை.

ஹைப்ரிட் காரில் இன்ஜின், மோட்டார், பேட்டரி, பிரேக் எல்லாவற்றுக்கும் தனித்தனி கம்ப்யூட்டர் உண்டு. ஒன்றையொன்று முறுக்கிய இரண்டு மெல்லிய வயர்கள் வழியாகத்தான் அவை ஓயாமல் பேசிக்கொள்கின்றன. பேச்சு அறுந்தால் வண்டி ஆபத்தை எண்ணி நின்றுவிடும். ஸ்கேனரைச் சொருகிப் பழைய பதிவுகளைப் படித்தேன். பேட்டரி கம்ப்யூட்டரைக் காணவில்லை என்று மற்றவை புகார் எழுதியிருந்தன. ஷோரூமில் அதோடு நிறுத்திவிட்டார்கள் போல. அதே நேரத்தில் பேட்டரி கம்ப்யூட்டரும் மற்ற எல்லாரையும் காணவில்லை என்று எழுதியிருந்தது. செத்துப்போனது புகார் எழுதாது. கம்ப்யூட்டர்கள் அத்தனையும் நன்றாக இருந்தன; பழுது வயரில்தான்.

எங்கே என்பதுதான் தெரியவில்லை. வயர்களை மீட்டரில் அளந்தால் அறுபது ஓம், இருக்கவேண்டிய அளவு அப்படியே இருந்தது. குற்றாலம், புளியறை என்று ஈரமான இடங்களில்தானே நிற்கிறது, தண்ணீர்தான் எங்கோ இறங்குகிறது என்று முடிவு கட்டினேன். இரண்டு நாள் அந்தக் காரின் ஒவ்வொரு இணைப்பிலும் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். ஐந்தருவி ரோட்டில் கொட்டும் சாரலில் நானே தனியாக ஓட்டினேன். அருமையாக ஓடியது. ஷோரூம்காரர்கள் போலவே நானும் கையை விரிக்க வேண்டியதுதானா என்று பயம் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்த அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. நான் ஏறுனாத்தான் நிக்குது. அவர் சொன்னது ஒரு அளவீடு. மீட்டர் காட்டாததை அவர் சொல்லியிருக்கிறார், நான் அதை வருத்தமாக மட்டும் கேட்டிருக்கிறேன்.

போன் செய்து இருவரையும் வரச் சொன்னேன். “நீங்க எப்பவும் எங்க உக்காருவீங்க அக்கா?”

“பின்னால இடப்பக்கம். பேத்திங்க ரெண்டும் வலப்பக்கம் ஜன்னலுக்கு அடிச்சுக்குங்க. நான் இங்கன ஒதுங்கிக்கிடுவேன்.”

வண்டியின் மின்சாரத்தை முழுக்க நிறுத்தினேன். மீட்டரின் ஒரு முனையை வயரிலும் மறுமுனையைக் காரின் உடம்பு இரும்பிலும் வைத்தேன். தொடர்பு இருந்தால் மீட்டர் கத்தும்; கத்தவில்லை. அவரை உட்காரச் சொன்னேன். அவர் தயங்கினார், பாய் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அவர் உட்கார்ந்து, கொஞ்சம் நகர்ந்து, சாய்ந்தார். மீட்டர் கீச்சென்று கத்தியது. எழச் சொன்னேன், சத்தம் நின்றது. மறுபடி உட்கார்ந்தார், மறுபடி கத்தியது. நான்கு முறை செய்தோம். நான்காவது முறை அவராகவே உட்கார்ந்தார்.

சீட்டைத் தூக்கினேன். வாங்கிய புதிதில் வெளியே ஒரு கடையில் சீட் கவர் போட்டிருக்கிறார்கள். சீட்டைத் திரும்ப மாட்டியவர், வயர்க்கட்டைக் கிளிப்பில் பொருத்தாமல் இரும்புத் தாங்கிக்கு அடியில் விட்டுவிட்டார். அழுந்தி அழுந்தி ஒரு வயரின் தோல் உரிந்து, செம்பு தெரிந்தது. அரிசி நீளம்கூட இல்லை. அந்த மூலையில் ஆள் அழுந்தி உட்கார்ந்தால் செம்பு இரும்பைத் தொடும்; எழுந்தால் விலகிவிடும். எல்லாப் பேச்சும் ஊமையாகும். ஷோரூமில் ஓட்டிப் பார்த்தவர்களும் நானும் முன்சீட்டில் தனியாக உட்கார்ந்துதான் ஓட்டியிருக்கிறோம்.

அந்த அக்கா குனிந்து வெகுநேரம் அதைப் பார்த்தார். “இதுவா?” என்றார். “இந்தா இத்தினிக்கூண்டா?”

“இதுதான் அக்கா. உங்க கால்ல ஒண்ணும் இல்ல. நீங்க மட்டும் சொல்லலைன்னா இதைக் கண்டுபிடிச்சிருக்கவே முடியாது.”

வயரைச் சரிசெய்து, உறை போட்டு, இருக்கவேண்டிய கிளிப்பில் பொருத்தினேன். மதியம் மூவரும் கிளம்பினோம். அவர் இடது மூலையில், நான் பக்கத்தில், மடியில் ஸ்கேனர். புளியறை வளைவுகளில் மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் அவர் வேண்டுமென்றே சீட்டில் அழுத்தி உட்கார்ந்தார். லாரிகளுக்கு நடுவே ஏற்றம் முழுவதும் ஏறி முடித்தோம். திரையில் ஒரு புகாரும் இல்லை. பாய் ஸ்டியரிங்கைத் தட்டி, “இன்னொரு தடவ ஏறுவோமா?” என்று கேட்டார். இறங்கி, மறுபடி ஏறினோம்.

அடுத்த வாரம், பாய் சொல்லிக் கேள்விப்பட்டு, ஷோரூமிலிருந்து ஒரு டெக்னீஷியன் போன் செய்து, எப்படிப் பிடித்தேன் என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். பிறகு, “இங்க இன்னொரு வண்டி நிக்குது, வந்து பாப்பீங்களா?” என்றார்.

அன்று சாயங்காலமே அந்த அக்கா வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினார். பழைய குற்றால அருவியில் குளித்துவிட்டுத் திரும்பும் வழியில் எடுத்தது. ஈரத்தலையோடு காரில் நெருக்கியடித்து ஐந்து பெண்கள்; யார் யார் என்று கீழே எழுதியிருந்தார். இடது மூலையில் அவர். மடியில் துண்டுகளை வைத்துக்கொண்டு, அவர் தோளில் இடித்தபடி அவருடைய நாத்தனார்.