கொடியில் கட்டிய குலை

இந்த நாட்டில் ருசி பார்த்த நல்ல வைனைத் துப்புவதற்கென்றே மேசைமேல் ஒரு வெள்ளி நிற வாளி வைத்திருக்கிறார்கள். தெருவில் ஒருவன் காறித் துப்பினால் நாலு நாளைக்கு அதைப் பற்றிப் பேசுகிற ஆட்கள், அந்த வாளியைச் சுற்றி நின்று ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து துப்புகிறார்கள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு "ஆகா" என்கிறார்கள். நான் மெல்பேர்னுக்கு வந்து பதினொரு வருடமாகிறது. குளிர் பழகிவிட்டது, சனிக்கிழமை காலையில் தெரு முழுக்கக் கேட்கும் புல்வெட்டும் இயந்திரச் சத்தம் பழகிவிட்டது. அந்த வாளியை மட்டும் போன ஏப்ரலில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பார்த்ததும் அப்பா நினைவு வந்தார். மாத்தளைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில், சம்பள நாளன்று சாராயத் தவறணைக்குப் போனால் அவர் லயத்து வீட்டுக்குத் திரும்பி வரும் நேரம் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு சொட்டைக்கூட அவர் துப்பி நான் பார்த்ததில்லை. அவருக்குக் குடிகாரன் என்று பெயர். இங்கே அதே காரியத்தைக் காலை பத்தரை மணிக்கே தொடங்குகிறவருக்கு ரசனைக்காரர் என்று பெயர். கிளாசுக்குக் கீழே ஒரு நீளக் காம்பு இருந்தால் போதும் போலிருக்கிறது. ஊரில் இதை வாசிப்பவர்களே, வெளிநாட்டில் எல்லாமே ஒழுங்கு என்று உங்களுக்கு யாராவது சொன்னால் இந்த வாளியை நினைத்துக்கொள்ளுங்கள்.

நானாக ஆசைப்பட்டுப் போன பயணம் இல்லை அது. முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன். பத்து வருடம் முடிந்ததென்று கூட வேலை செய்கிறவர்கள் சேர்ந்து ஒரு டிக்கெட் வாங்கித் தந்தார்கள். எட்டுப் பேர், ஒரு வேன், ஒரு வழிகாட்டி, நான்கு திராட்சைத் தோட்டங்கள், இடையில் பகல் சாப்பாடு. என் கணவர் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஊத்திக் குடுக்கிறதுக்கு ஒரு டூரா? ஒங்கப்பா இருந்திருந்தா சும்மாவே கூட்டிட்டுப் போயிருப்பாரு," என்றார். வேண்டாமென்று சொன்னால் மனம் நோவார்களே என்று கிளம்பினேன்.

வழிகாட்டியின் பெயர் பீட்டர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வேனை ஓட்டுவதும் அவர்தான், பேசுவதும் அவர்தான். நகரத்தைத் தாண்டியதும் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னார்: "மாலையில் உங்கள் போனுக்கு ஒரு படிவம் வரும். எனக்கு மார்க் போடவேண்டும். தயவுசெய்து நல்லதாகப் போடுங்கள். ஏற்கனவே என்மேல் இரண்டு முறைப்பாடு இருக்கிறது. இன்னொன்று வந்தால் வீட்டுக்குத்தான். இந்த வயதில் எனக்கு வேறு யார் வேலை தரப்போகிறார்கள்?" எல்லாரும் "ஐயோ பாவம்" என்று சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கா இந்த வசனம்? இதை எழுதியவர்களே நாங்கள்தானே!

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். கலியாணத்துக்கு முன் ஏழு வருடம் நான் அலுவிகாரைப் பக்கம் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் வழிகாட்டியாக இருந்தேன். கண்டியிலிருந்து தம்புள்ளை போகிற சுற்றுலா வேன்கள் அந்த வழியில்தான் வரும். மிளகுக் கொடி, கறுவா, கொக்கோ, சாதிக்காய் என்று ஒவ்வொரு மரத்தடியிலும் நிறுத்தி ஆங்கிலத்தில் ஒப்பிக்கவேண்டும். கடைசியில் நிசார் நானா வெள்ளைக் கோட்டுடன் வந்து யாராவது ஒரு வெள்ளைக்காரரின் காலில் பசை தடவி, ஐந்து நிமிடத்தில் முடியை வழித்துக் காட்டுவார். அவரை "எங்கள் டொக்டர்" என்று அறிமுகப்படுத்துவது என் வேலை. அவர் அதற்கு முன் மாத்தளை டவுனில் செருப்புக்கடை வைத்திருந்தவர். பயணிகள் கிளம்பும்போது அபிப்பிராயப் புத்தகத்தை நீட்டி முகத்தைச் சுருக்கிக்கொண்டு சொல்வேன்: "நல்லதாக எழுதுங்கள் மேடம், இல்லாவிட்டால் முதலாளி என்னை நிறுத்திவிடுவார்." முதலாளி அந்தப் புத்தகத்தை ஒருநாளும் திறந்ததில்லை. ஆனால் அந்த வசனத்துக்கு ஒருநாளும் பலன் இல்லாமல் போனதுமில்லை.

இன்னொரு வேலையும் இருந்தது. எங்கள் தோட்டத்துச் சூட்டில் ஏலச்செடி இலையாக வளருமே தவிரக் காய் பிடிக்காது. லக்கல மலைப்பக்கக் குளிரில்தான் அது காய்க்கும். வெனிலாவுக்குப் பூவில் கையால் மகரந்தம் சேர்க்கவேண்டும், அதற்கு ஆளில்லாததால் கொடி ஓடும், காய் வராது. வருகிறவர்களோ காயைப் பார்க்காமல் நகரமாட்டார்கள். அதனால் தினமும் காலையில் டவுனில் வாங்கிய பச்சை ஏலக்காயைச் செடியின் அடியில் செருகி வைப்பேன். வெனிலாக் காயைப் பச்சை நூலால் கொடியில் கட்டுவேன். கேட்டில் ஹோர்ன் சத்தம் கேட்டதும் நிசார் நானா ஓடிவருவார்.

"புள்ள, வேன் வந்திட்டு! ஏலம் வெச்சாச்சா?"

"வச்சிட்டேன் நானா. வெனிலா இன்னும் ரெண்டு கட்டணும்."

"கெதியாக் கட்டு. நூலு வெளிய தெரியாமக் கட்டு."

ஏமாந்த சோணகிரிகள் வரிசையாக நின்று அந்தக் காயைப் படம் எடுப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடு.

இப்படிப்பட்டவளிடம்தான் பீட்டர் தன் வித்தையைக் காட்டிக்கொண்டிருந்தார். முதல் தோட்டத்தில் நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது, எங்கள் வேனிலேயே எனக்கு முன் இருக்கையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வந்த அகலத் தொப்பிக்காரி ஒருத்தி, குடித்து முடித்த கிளாசை என் கையில் கொடுத்து "நன்றி, அன்பே" என்றாள். என்னை அங்கே வேலை செய்கிறவள் என்று நினைத்திருக்கிறாள். கோபம் வந்தது. அதைவிடக் கேவலம், அந்தக் கிளாசை நான் கொண்டுபோய் வைத்தேன். பதினொரு வருட மெல்பேர்ன் வாழ்க்கை, பிரஜாவுரிமை எல்லாம் கை நீட்டி வாங்குகிற பழக்கத்தின் முன் நிற்கவில்லை. திரும்பி வந்தபோது பீட்டர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அதையும் ஒரு தொழில் தந்திரமாகவே எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது தோட்டத்தில், கிளாசுக்குள் மூக்கை விட்டு என்ன வாசம் வருகிறதென்று ஒவ்வொருவராகச் சொல்லவேண்டுமாம். ஒருவர் அத்திப்பழம் என்றார், ஒருவர் பழைய தோல் என்றார், தொப்பிக்காரி மழை பெய்த காட்டைக் கண்டாள். அத்தனையும் பீட்டர் இரண்டு நிமிடத்துக்கு முன் தன் வாயால் சொன்னவை. என் முறை வந்தபோது, கிண்டலாக, "நனைந்த மிளகுச் சாக்கு," என்றேன். பீட்டர் கண்ணை மூடி மறுபடி முகர்ந்து பார்த்து, "மிகச் சரி! சாக்கு! இன்றைக்கு இவருக்குத்தான் மூக்கு!" என்று குதித்தார். மற்றவர்களும் உடனே முகர்ந்து பார்த்துச் சாக்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள். யாரைப் பார்த்துச் சிரிப்பதென்று எனக்கே தெரியவில்லை. வைன் எந்தத் திராட்சையில் செய்கிறார்கள் என்றும் அங்கேதான் சொன்னார்: அதற்கான திராட்சை சின்னதாக, தோல் தடிப்பாக, உள்ளே விதையாக இருக்குமாம்.

மூன்றாவது தோட்டத்தில் அறுவடை முடிந்து வெகுநாளாகியிருந்தது. கொடிகளில் பழுத்த இலை மட்டும்தான். பீட்டர் எங்களை ஒரு வரிசை ஓரமாக நடத்திக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்று இலையை விலக்கினார். உள்ளே கருஞ்சிவப்பாக ஒரு குலை, ஒவ்வொரு பழமும் பெருவிரல் பருமன். "அறுவடைக்குத் தப்பிய கடைசிக் குலை. இன்று பறித்துச் சாப்பிடப்போவது நீங்கள்," என்றார். தொப்பிக்காரி ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டு, கடையில் வாங்குவதெல்லாம் இதன் பக்கத்திலேயே வராது என்றாள்.

தினமும் பின்னேரம் மூன்று மணிக்கு எங்கள் இல்லத்துக் கிழவர்களுக்குப் பழம் கொடுப்பது என் பொறுப்பு. தொண்டையில் சிக்கிவிடுமென்று ஒவ்வொரு திராட்சையையும் நெடுக்காக இரண்டாக நறுக்குவேன். பத்து வருடமாக நறுக்குகிறேன். எந்தப் பழம் எந்தப் பெட்டியில் வருகிறதென்று கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்வேன். அந்தக் கொடியில் தொங்கியது சுப்பர்மார்க்கெட் பழம். விதையில்லாதது. காம்பைப் பார்த்தேன், பச்சைக் கம்பியால் கொடியோடு முறுக்கிக் கட்டியிருந்தது. கட்டும் சரியில்லை, ஒரு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இது கடைப் பழம்," என்றேன். யாருக்கும் விளங்கவில்லை. விட்டிருக்கலாம். நான் கையை நீட்டி, கம்பியை அவிழ்த்து, குலையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினேன். "விதை இருக்கிறதா பாருங்கள். இதைக் காலையில் யாரோ கட்டியிருக்கிறார்கள்."

ஒருவர் பழமொன்றைப் பிளந்து விதையைத் தேடினார். பிறகு தொப்பிக்காரி வெடித்துச் சிரித்தாள், அவளைத் தொடர்ந்து எல்லாரும். பீட்டரும் சிரித்தார். காதுவரை சிவந்த முகத்தில் பல் மட்டும் தெரிகிற சிரிப்பு. "பிடிபட்டுவிட்டேன்," என்றார். தொப்பிக்காரி என் தோளில் கைபோட்டு, என் பெயரென்ன என்று கேட்டாள். கோமதி என்றேன். பகல் சாப்பாட்டுக்குத் தன் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காலையில் கிளாசை வாங்கிக்கொண்டு போனவள் மத்தியானம் அவர்களில் ஒருத்தியாகிவிட்டேன்.

சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தபோது பீட்டர் மெதுவாகக் கேட்டார், "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

"நானும் கட்டியிருக்கிறேன்," என்றேன்.

"அப்படியா, திராட்சைத் தோட்டத்திலா? கொடி கட்டுகிற வேலை இடுப்பை முறித்துவிடும்," என்று அனுதாபப்பட்டார். நான் திருத்தவில்லை.

குலையை அவிழ்க்கும்போது பழையது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்று எழுதலாம், நீங்களும் நம்புவீர்கள். ஆனால் வந்தது. அலுவிகாரையில் ஒருநாள் வயதான ஜெர்மன்காரர் ஒருவர் வெனிலாக் காயைத் தொட, நூலோடு அது அவர் கைக்கு வந்துவிட்டது. பின்னால் அவருடைய ஆட்கள் பன்னிரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். அவர் நூலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அவர் காயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அந்தக் கொடியை மறைத்தாற்போல் திரும்பி நின்று, பக்கத்து மிளகைப் பற்றி என்னிடம் ஏதோ கேட்டார். அன்று மாலை நானும் நிசார் நானாவும் அவரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம், கட்டுன நூலைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாத கிழவன் என்று. அவருக்குத் தெரிந்துதான் இருந்தது என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் சிரித்தேன். அன்றைக்கு அவர் வாயைத் திறந்திருந்தால் என் ஏழு வருடம் இரண்டு வருடத்தோடு முடிந்திருக்கும். இத்தனையும் நினைவில் இருந்தும்தான் கம்பியை அவிழ்த்தேன்.

நான்காவது தோட்டத்து வாசலில் பீட்டர் எங்களை வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தார். திரும்பி வரும்போது வேனில் அவர் பேச்சு குறைந்துவிட்டது. நகரம் நெருங்கியதும் எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் ஒலித்தது. நான் ஐந்துக்கு ஐந்து போட்டேன். என் பங்குக்குப் பிராயச்சித்தம் முடிந்ததென்று போனைப் பைக்குள் வைத்தேன். முன் இருக்கையில் தொப்பிக்காரி நெடுநேரம் எழுதிக்கொண்டிருந்தாள். இடையில் திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

இரண்டு வாரம் கழித்துக் கம்பனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அன்றைய அனுபவம் தங்கள் தரத்துக்கு ஏற்றதாக இல்லாததற்கு வருந்துகிறார்களாம். சம்பந்தப்பட்ட வழிகாட்டி இப்போது தங்களிடம் வேலையில் இல்லையாம். எனக்கு இலவசமாக இன்னொரு டிக்கெட். மூன்று முறை வாசித்தேன். அந்த ஆள் வேனில் சொன்னது வசனமே இல்லை, உண்மை. பொய்க்கென்றே அந்த வரியைப் பாவித்துப் பழகிய எனக்கு, ஒரு மனிதன் அதை நிசமாகவும் சொல்லக்கூடும் என்று தோன்றவே இல்லை. மற்ற ஏழு பேரும் சாதாரண ஆட்கள், அவர்கள் நம்பாவிட்டால் மன்னிக்கலாம். வித்தை தெரிந்தவள் என்ற திமிர் எனக்குத்தான் இருந்தது.

மனம் ஆறாமல் நிசார் நானாவுக்குப் போன் போட்டேன். அவர் இப்போது அலுவிகாரையிலேயே சொந்தமாகச் சின்னத் தோட்டம் வைத்திருக்கிறார். நடந்ததை எல்லாம் சொன்னேன். முதலில் கம்பியால் கட்டியதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"அவன் கட்டினது பிழ, சரி. அதுக்கு நீ ஏன் புள்ள வாயத் தொறந்த?"

"என்னைய வேலக்காரின்னு நெனச்சிட்டாங்க நானா. நானும் காசு குடுத்து வந்த ஆளுன்னு காட்டணும்னு..."

"ஒனக்கு டிக்கெட் எடுத்தது ஒன் கூட்டாளிமார்ண்டு சொன்னியே?"

அவர் பக்கத்தில் ஹோர்ன் சத்தம் கேட்டது. வேன் வருது என்று வைத்துவிட்டார்.

மின்னஞ்சலோடு அன்று எடுத்த படமும் வந்திருந்தது. வாசனைத் திரவியத் தோட்டத்தில் ஏழு வருடம் எத்தனையோ பேருக்குப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒன்றில்கூட நான் இல்லை. இதில் இருக்கிறேன். ஏழு பேரும் தோளோடு தோள் ஒட்டி, கிளாசை உயர்த்திச் சிரிக்கிறார்கள். தொப்பிக்காரியின் ஒரு கை என்னை உள்ளே இழுக்கிறது. நான் மட்டும் வரிசையிலிருந்து அரை அடி வெளியே வந்து, "நீங்கள் போய் நில்லுங்கள், நான் எடுக்கிறேன்" என்று பீட்டரிடம் கமராவுக்காகக் கை நீட்டிக்கொண்டிருக்கிறேன். கமராவுக்கு மிக அருகில் இருப்பதால் அந்தக் கை மட்டும் மங்கலாக விழுந்திருக்கிறது.